பெரிய பொட்டு

ஆசாரி இன்னும் வந்தபாடில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு கோயிலில் வேறொரு பிள்ளைக்குக் காது குத்திவிட்டு வருகிறாராம், பாலத்தில் ஏறிவிட்டேன் என்று சுகந்தியின் கணவன் கதிர்வேலிடம் போனில் சொன்னாராம். பாலத்தில் ஏறிவிட்டேன் என்று ஒரு மனுஷன் சொன்னால் இன்னும் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். சுகந்தி கோயில் மண்டபத்து ஜமுக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மிருதுளா தூங்கினாள். மொட்டை அடிக்கும்போது ஊரைக் கூட்டிவிட்டு, குளிக்க வைத்ததும் சொக்கிப்போய்விட்டாள். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. உச்சியில் மட்டும் ஓர் இடம் காயாமல் இருந்தது. அங்கே தோலுக்குக் கீழே ஏதோ மெல்ல ஏறி இறங்கியது. எலும்பு இன்னும் கூடவில்லை, போகப் போகக் கூடிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு டாக்டருக்கு என்ன, அவர் வீட்டுக்குப் போய்விடுவார். முடி இருந்தவரை அது கண்ணில் படவில்லை. இப்போது அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. சுகந்தி விரலை அதன்மேல் வைக்காமல், படாமல், ஒரு நூல் உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா, மண்டை மண்டை என்று சொல்வதெல்லாம் இவ்வளவு மெல்லிசா, சுரைப்பிஞ்சு மாதிரி நகம் பட்டால் பதிந்துவிடும் போல, என்று நினைத்தாள். நினைத்ததும் விரலை இழுத்துக்கொண்டாள். ஒன்றை நினைக்காதே என்று மனசிடம் சொன்னால் அது அதையே எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும். சில மாதங்களாக அவள் மனசுக்கு அதுதான் வேலை.

அண்ணன் காருக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தான். தனசேகரை அவளுக்குத் தெரியாதா, அந்தத் திரை அணைந்து வெகு நேரமாகிவிட்டது. தாய்மாமன் என்றால் இன்றைக்கு அவன்தான் ராஜா. சீர்த்தட்டு எல்லாம் அவன் கொண்டுவந்தது: பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, ரோஸ் தாளில் மடித்த தோடு, கல்கண்டு, மண்டபமே மணக்கும்படி மல்லிகைப் பூ. கடை கடையாக ஏறி அவனே எடுத்திருக்கிறான். ஆனால் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சளி பிடித்திருக்கிறது என்றான். பேர் வைக்கும் நாளிலும் சளி. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது மிருதுளா தவழ்ந்துபோய் அவன் வேட்டியைப் பிடித்தாள், கரண்ட் அடித்தவன் போலக் காலை உதறி எழுந்து நின்றுகொண்டான், அப்போதும் சளி. நாற்பதைத் தொடப்போகிறவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நம்ம ஊரில் பையன்களுக்கு எங்கே பெண் கிடைக்கிறது என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள். கிடைத்த இரண்டு மூன்று இடங்களையும் அவனே தட்டிவிட்டது சுகந்திக்குத் தெரியும். ஏன் என்பதும் இப்போது தெரியும். கல்யாணம் என்றால் பிள்ளை, பிள்ளை என்றால் தொட்டில். பாவம், எத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமக்கிறான்.  ஓடிப்போய் உச்சந்தலையில் கைவைத்து, எனக்குத் தெரியும், விட்டுத்தள்ளு என்று சொல்லிவிடலாமா என்று காலையில் கார் ஓட்டிக்கொண்டு வரும்போதே யோசித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவளுக்கு யோசனை ஒரு நிலைக்கு வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கதிர்வேலுக்கும் அதில் வருத்தமில்லை, பக்கத்து சீட்டில் வாயைத் திறந்து தூங்குவதற்கு வசதி. பின்சீட்டில் மிருதுளாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மா, அந்தப் பக்கம் அண்ணன். நடுவில் பூக்கூடை. ஊரிலிருந்து கோயில் வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா பேசாததற்குக் காரணம் அங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. சொர்ணம் அத்தை, அப்பாவின் தங்கை. ஈரோட்டிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, மண்டபத்தில் ஏறாமல், பச்சை வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் குறுகி உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்தது சுகந்திதான். அத்தை போனில் முதலில் நம்பவில்லை, எந்தச் சுகந்தி என்று கேட்டாள். பிறகு, உங்கம்மாவுக்குத் தெரியுமா கண்ணு என்று கேட்டாள். தெரியும் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் அம்மாவிடம் போய்ச் சொன்னாள் சுகந்தி. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல், "வந்தவங்க சாப்புட்டுப் போகட்டும். புள்ளைகிட்ட மட்டும் வர வேண்டாம்," என்றாள். அவ்வளவுதான். பெரியம்மா, அம்மாவின் அக்கா, அவளுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. இப்போதுகூட மண்டபத்து ஓரத்தில் வெற்றிலையை மடித்துக்கொண்டே, மரத்தடிக்குக் கேட்கட்டும் என்றே பேசினாள்: "நல்ல காரியத்துக்கு வர்ற கையா அது? பச்ச மண்ணுக்கு ஜாதிக்காயை உரசி ஊத்துன கை." சொன்னதோடு நிற்காமல் மரத்துப் பக்கம் ஓடிய பேரனை அதட்டிக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அத்தை கூடையின் பிடியில் பிரிந்திருந்த வயரை உள்ளே செருகிக்கொண்டிருந்தாள். செருகியதும் அது வெளியே வந்தது. மறுபடி செருகினாள். ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை, தனி ரூம், கல்யாணம் காட்சிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அப்பா சாகிற வரை தங்கை பேரை எடுக்கவில்லை. அப்பா செத்த அன்றைக்கு மட்டும் வந்து தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

தம்பி பிரபு செத்தபோது சுகந்திக்கு ஆறு வயசு. மிருதுளா மாதிரி தொட்டிலில் கிடக்கிற வயசுதான் அவனுக்கும். குடும்பத்தில் சொல்லிவந்த கதை இது: அன்று காலையில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை, புருஷன் வீடு சரியில்லாமல் அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட சொர்ணம்தான் வீட்டில் பிள்ளை மருந்து உரைப்பவள். வசம்பு, சுக்கு, மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாம் கல்லில் உரைத்துச் சங்கில் புகட்டினாள். ஜாதிக்காய் ஓர் உரசல் கூடிப்போயிற்று. மத்தியானம் தூங்கின பிள்ளை எழுந்திருக்கவில்லை. அப்பா சாயந்திரமே தங்கையை வெளியே போகச் சொல்லிவிட்டார். இந்தக் கதையை சுகந்தி நம்பித்தான் வளர்ந்தாள். அதை நம்பாமல் போனது மிருதுளாவால். பிள்ளைக்கு மூன்றாம் மாதம் இருக்கும், ஒரு கல்யாணத்துக்குப் போகக் கிளம்பி, குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, மையை விரலில் எடுத்து, கை தவறிக் கொஞ்சம் பெரிதாகவே, நெற்றி ஓரத்தில் கண்ணுக்குப் பக்கமாகத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். பின்னால் அம்மா வந்தாள். பார்த்தாள். அப்படியே பாய்ந்து முந்தானையால் அதை அழுத்தித் துடைத்தாள், பிள்ளை வீறிட்டது. "அத்தாம் பெருசா எதுக்கு? சின்னதா வையி. கன்னத்துல வையி," என்றாள். குரல் அம்மாவின் குரலாகவே இல்லை. துடைத்த கையிலும் மை ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் சுகந்திக்குள் ஏதோ ஒரு கதவு, பூட்டே இல்லாத கதவு, தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. இதே கை, இன்னும் இளங்கை, மைச்சிமிழைத் திறந்து, அழாத ஒரு பிள்ளையின் நெற்றி ஓரத்தில் பொட்டு வைக்கிறது. சின்னதாக வைக்கிறது. பிறகு அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஓர் எட்டணாக் காசு அளவுக்கு. பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை, அம்மா பொட்டு வைத்துக்கொண்டே இருக்கிறாள். செத்த பிள்ளைக்கு எதற்குத் திருஷ்டிப் பொட்டு? யார் கண் படப்போகிறது? அந்தக் கல்யாணத்தில் சுகந்தி சாப்பிடவில்லை. பந்தியில் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. பழைய வீட்டுக் கூடத்தின் கல்தூண். உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் ஊதாச் சேலைத் தொட்டில். தொட்டிலிலிருந்து கயிறு. பஸ் ஆட்டம்.

அப்பா பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தார், கரூரில் அப்போது தெருவுக்கு ஒரு பட்டறை, பிள்ளைகள் எதை எடுத்தாலும் பஸ்தான். குப்புறக் கவிழ்த்த அண்டா டிரைவர் சீட்டு. எவர்சில்வர் தட்டு ஸ்டியரிங். தொட்டில் பஸ். ஈரோடு, கொடுமுடி, கரூர், ஏறுங்க ஏறுங்க. தம்பி ஒருத்தன்தான் பயணி, அவன் சிரித்தால் டிக்கெட் எடுத்த மாதிரி. அம்மா தெருக்குழாயில் தண்ணீருக்குப் போயிருந்தாள், அத்தை கொல்லையில் துணி அலசுகிற சத்தம் கேட்டது. அண்ணன் அண்டாமேல் உட்கார்ந்து தட்டைத் திருப்புகிறான், ஒரு கையில் கயிறு. சுகந்தி பின்னால் நின்று விசில் அடிக்கிறாள். ஒரு விசிலுக்கு நிற்கும், இரண்டு விசிலுக்குப் போகும். இரண்டு விசில். கயிறு இழுபடுகிறது. இன்னும் இரண்டு விசில். தொட்டில் உயரப் போகிறது, வளைந்து போகிறது, தூணில் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த அளவுதான். பிறகு வாசலில் அம்மா, இடுப்பில் குடம், குடத்திலிருந்து தண்ணீர் சேலைமேல் வழிகிறது, அம்மா அதை இறக்கி வைக்கவே இல்லை. சுகந்தி இதை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஓட்டும்போதெல்லாம் ஓரிரண்டு இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசில் சத்தம் காதுக்குப் பின்னாலிருந்து வரும், வாயிலிருந்து வராது. அடித்தவளுக்கே எப்படிப் பின்னாலிருந்து கேட்கும்? சரி, கூடம் பெரிசு, எதிரொலித்திருக்கும். தட்டைத் திருப்பும்போது அதில் ஒரு முகம் கோணிக்கொண்டு போகும், இரட்டைப் பின்னல் போட்ட முகம், அவள் முகம்தான். அண்ணனுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருப்பாள். உள்ளங்கையில் கயிறு உரசின எரிச்சல்கூட ஞாபகம் இருந்தது, அது வேறு என்றைக்கோ கிணற்றில் தண்ணீர் சேந்தினது. இந்தச் சில்லறையை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, பெரிய விஷயம் பெரிய விஷயம்தான். அண்ணன் ஆட்டினான். அடிபட்டது. அம்மா பையனைக் காப்பாற்ற, அடிபட்ட இடத்தைப் பொட்டை வைத்து மறைத்து, நாத்தனார் தலையில் பழியைக் கட்டினாள். எல்லா வீட்டிலும் பையன் என்றால் ஒரு தனிக் கணக்குத்தானே. அம்மாமேல் அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆக, இன்றைக்கு அவள் என்ன செய்யப்போகிறாள்? அதுதான் கேள்வி, ஆசாரி வருவதற்குள் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி. அத்தைக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் அண்ணனைச் சபையில் நிறுத்த வேண்டும். தாய்மாமனாக உட்காரப்போகிறவனைப் பார்த்து, இவன்தான் என்று சொல்ல வேண்டும். அண்ணனைக் காப்பாற்றினால் அத்தை அந்த மரத்தடியிலேயே சாப்பிட்டுவிட்டு, வயர்கூடையைத் தூக்கிக்கொண்டு, ஈரோடு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள், அடுத்த தடவை கூப்பிட்டால் வருவாளோ என்னவோ. அழைத்தாயே, எதற்கு அழைத்தாய், உன் மனசைக் கழுவிக்கொள்ளவா? சுகந்தி பிள்ளையின் தலையிலிருந்து உதிர்ந்த சந்தனத் தூளை ஜமுக்காளத்திலிருந்து தட்டிவிட்டாள். ஒரு நடுவழி தோன்றியிருந்தது. யாரையும் குற்றம் சொல்லாமல், மாமன் மடியில் காது குத்தி முடிந்ததும், எல்லாரும் பார்க்கப் பிள்ளையை அத்தை கையில் கொடுத்துவிடுவது. பெரியம்மா என்ன சொன்னால் என்ன. அது நியாயம் ஆகுமா? பாதி ஆகும். பாதி நியாயம் என்று ஒன்று இருக்கிறதா? அண்ணனிடம் மட்டும் தனியாக, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். ஆறுதலாக இருக்கும் அவனுக்கு. பத்து வயசுப் பிள்ளை, வேணும் என்றா செய்தான். இந்த வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளும்போது தான் கொஞ்சம் பெரிய மனுஷி என்று தோன்றும், வயதுக்கு மீறின பெருந்தன்மை ஒன்று நெஞ்சில் இதமாகப் பரவும். அதை நினைத்துப் பின்னால் அவள் வெட்கப்பட்டாள்.

பைக் சத்தம் கேட்டது. ஆசாரி வந்துவிட்டார். தோல்பையைத் திறந்து கம்பியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டே, "மாமன் யாருங்க? கெழக்கமா உக்காரச் சொல்லுங்க," என்றார். எல்லாரும் காரைப் பார்த்தார்கள். அண்ணன் அங்கிருந்தே, "மாப்ள மடியில வச்சுக் குத்திருங்களேன். எனக்குச் சளியா இருக்குது," என்றான். மண்டபம் சிரித்தது. கதிர்வேல், "சீர் கொண்டாந்த மச்சான் மடி குடுக்க மாட்டேங்கறாருங்க," என்று கேலி பண்ணினான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சீர்த்தட்டில் இருந்த வெற்றிலைகளை எடுத்து எடுத்துத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். சுகந்தி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து காருக்குப் போனாள். மிருதுளா தூக்கத்திலேயே அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்தாள்.

"உனக்குச் சளி இல்லைன்னு எனக்குத் தெரியும்ணா," என்றாள்.

அண்ணன் போனைப் பையில் போட்டான்.

"தொட்டில் தூண்ல இடிச்சது எனக்குத் தெரியும். அம்மா பொட்டு வச்சதும் தெரியும். நானும் அங்கதான இருந்தேன். நீ சின்னப் பையன், வேணும்னேவா செஞ்ச? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வந்து உக்காரு."

அவன் அவளைப் பார்த்தான். பயந்த முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

"உனக்கு என்ன ஞாபகம் இருக்குது?" என்று கேட்டான், மெதுவாக.

"எல்லாம் இருக்குது. பஸ் ஆட்டம். நீ டிரைவர், நான் கண்டக்டர். நான் ரெண்டு விசில் அடிச்சேன், நீ கயித்தை இழுத்த."

"விசிலு எதுல அடிச்ச?"

"வாயிலதான்."

"உனக்கு அப்ப முன்பல்லு ரெண்டும் இல்ல, அம்மிணி."

கோயில் பக்கமிருந்து யாரோ சீக்கிரம் என்று கூப்பிட்டார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, தரையைப் பார்த்துப் பேசினான். "கண்டக்டர் நானு. எப்பவும் நான்தான் கண்டக்டர். நீ டிரைவர் சீட்டை வுட்டு எறங்கவே மாட்ட. எறக்குனா அழுவ." பிறகு, அவள் ஏதோ சொல்லிவிடப் போகிறாள் என்பதுபோல் அவசரமாக, "வேகமாப் போன்னு விசிலு குடுத்தது நான். புள்ளைகளைப் பாத்துக்கடான்னு அம்மா என்கிட்டத்தான் சொல்லிட்டுப் போச்சு. நீ ஒண்ணும் நெனச்சுக்காத," என்றான்.

"அத்தை?"

"அத்தைக்குத் தெரியும். அம்மா அத்தை கால்ல உழுந்துச்சு. நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன். பையன்னாக்கூடப் போவுது, பொம்பளப் புள்ள, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ, தம்பியக் கொன்னவங்கற பேரோட எப்படி வாழ்வான்னு அழுதுச்சு. அத்தை கொடியில கெடந்த சேலைய எடுத்து மடிச்சுப் பைல வச்சுது. அவ்வளவுதான்."

சுகந்தி நின்றாள். வெயில் அதே வெயில்தான், வேப்பமரம் அங்கேயேதான் இருந்தது. உள்ளே மட்டும் ஒரு கூடம் முழுக்க இடம் மாறி அடுக்கிக்கொண்டிருந்தது, அவள் கேட்காமலே. பின்னாலிருந்து வந்த விசில். தட்டில் கோணின முகம், இரட்டைப் பின்னல், யார் தோளுக்கு மேலாகவும் எட்டிப் பார்க்காத முகம். உள்ளங்கையில் கயிற்றின் எரிச்சல், கிணறு இல்லை, அந்த வீட்டில் கிணறே இல்லை, குழாய்தான், அம்மா குழாய்க்குத்தானே போயிருந்தாள். அது எப்படி இத்தனை நாளும் தெரியாமல் போயிற்று? எல்லாமே இருந்தது. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை, ஆளை மட்டும் மாற்றி உட்கார வைத்திருக்கிறாள். யார் மாற்றியது? அம்மாவா? அம்மா ஒரு வார்த்தை பேசினவளில்லை. அவளே மாற்றினாள். எப்போது? அன்று இரவேவா, ஆறு வயசில், பாயில் படுத்துக்கொண்டே அண்ணனை அண்டாமேல் உட்கார வைத்துவிட்டுத் தூங்கினாளா? அம்மா ஏன் மிருதுளாவுக்குச் சேலைத் தொட்டில் கட்டவிடவில்லை, ஏன் கடையில் வாங்கின, ஆடாத கட்டில் தொட்டில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள், ஏன் சுகந்தி பிள்ளையை முழங்காலில் போட்டு ஆட்டும்போதெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள். அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள். பாசம்தான். அதோடு பயமும். பெற்ற மகளின் கையைப் பார்த்து அம்மாவுக்குப் பயம். சின்னப் பிள்ளை, வேணும் என்றா செய்தது என்று அந்த வாக்கியத்தை எடுத்துத் தனக்குப் போட்டுப் பார்த்தாள். சேரவில்லை. அண்ணனுக்கு எவ்வளவு தாராளமாகச் சேர்ந்தது. தோளில் பிள்ளை கனத்தது. இவ்வளவு கனமாக இது எப்போதும் இருந்ததில்லை. பிடித்திருக்கிற கை தன் கைதானா, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், இதற்கு மேல் இறுக்கினால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும் என்று எதுவுமே தெரியவில்லை. பிடியை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். அண்ணன் அதைப் பார்த்தான்.

"குடு," என்றான்.

அவள் அசையவில்லை. அவனே இரண்டு கையையும் நீட்டி, ஒரு கையைப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் வைத்து, மற்றதை முதுகில் கொடுத்து வாங்கிக்கொண்டான். பழக்கமில்லாத கை, ஆனால் தலையை எங்கே தாங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. வாங்கினதும் அவன் முகம் கோணிற்று, உதட்டைக் கடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தான். கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சுகந்தி பின்னாலேயே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தூணும் கல்தூண்தான். ஆசாரி எண்ணெயில் கம்பியைத் தொட்டார். மிருதுளா கண் விழித்து மாமனின் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்த்தாள். கம்பி இறங்கினதும் வாயைத் திறந்து, சத்தம் வராமல் ஒரு நொடி, அப்படியே நின்றாள். அழு என்று சுகந்தி மனசுக்குள் கெஞ்சினாள். அழு தங்கம், அழுதுவிடு. பிள்ளை வீறிட்டது. அண்ணன் அதைவிட மோசமாக அழுதுகொண்டிருந்தான், பிள்ளையை மட்டும் விடவில்லை. மாமனுக்கே காது குத்தின மாதிரி இருக்குதே என்று யாரோ சிரித்தார்கள். மறுகாதும் ஆயிற்று. தோடு ஏறிற்று.

அம்மா மைச்சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். காது குத்தின பிள்ளைக்குக் கண் படாமல் பொட்டு வைக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது சுகந்தி அந்தக் கையைப் பிடித்தாள். அம்மா நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவனுடைய மடியில் பிள்ளை இருப்பதையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வேண்டாம் கண்ணு," என்றாள், உதடு மட்டும்தான் அசைந்தது. அப்படிச் சொன்ன முகத்தில் கோபம் இல்லை. இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்ற முகம் அது. சுகந்திக்கு அம்மாமேல் இருந்த கோபமெல்லாம் போய், அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. சிமிழை வாங்கிக்கொண்டு படியிறங்கி வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"அத்தை, வாங்க. நீங்க வந்து பொட்டு வைங்க."

அத்தை வயர்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் எதுக்கு கண்ணு? அம்மா வைக்கட்டும். பாத்ததே போதும்."

சுகந்தி கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். காய்ந்த, சமையற்கட்டுக் கை. விரல்நுனி எல்லாம் கத்திக் கீறல். மண்டபத்துப் படியில் ஏறும்போது பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. பெரியம்மா வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு எழுந்தேவிட்டாள். "ஏஞ் சாமி, உனக்கு ஏதாச்சும் கிறுக்குப் புடிச்சிருக்குதா? அவ கையாலயா? நடந்ததெல்லாம் தெரிஞ்சுமா?"

கதிர்வேல் ஒன்றும் புரியாமல் நின்றான். அவனுடைய அம்மா, அக்காள், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். இன்னொரு வீடு. சுகந்தி இந்த வீட்டுக்கு வாழ வருவதற்காகத்தான் அத்தை அன்றைக்குச் சேலையை மடித்து வைத்தாள். சுகந்திக்கு எங்கேயாவது போய் நின்றுகொள்ளலாம் போல இருந்தது, யாருக்காவது பின்னால், விசில் அடிக்கிற இடத்தில். ஆனால் அது அவள் இடமில்லை.

"அத்தை மருந்துல ஒண்ணும் இல்லீங்க பெரியம்மா," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது. "தம்பி தலை தூண்ல அடிபட்டுச்சு. தொட்டிலை ஆட்டுனது நான்."

 அண்ணன் மடியில் மிருதுளா தேம்பித் தேம்பி அடங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தை சுகந்தியைப் பார்க்கவே இல்லை. பிள்ளைக்கு முன்னால் மெல்ல மண்டியிட்டு உட்கார்ந்தாள், புறங்கையால் தன் கண்ணைத் துடைத்தாள், சிமிழில் விரலைத் தொட்டாள். தொட்ட விரல் அந்தரத்தில் நின்றது. தொட்டில் வயசுப் பிள்ளை ஒன்றின் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அது போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"எங்க வைக்கட்டும், கண்ணு?" என்று கேட்டாள்.

"கன்னத்துல வைங்க அத்தை," என்றாள் சுகந்தி. "சின்னதா."